காலைப் பிடித்த கதை

நம் ஸ்டான்லி, கல்லூரி என்ற அந்தஸ்தைப் பெற்றது 1938ஆம் ஆண்டில். அதற்கு முன்பு மெடிக்கல் ஸ்கூல். அதற்கும் வெகு காலம் முன்பு, 1780களின் பஞ்சத்தில் பட்டினிக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம். ராயபுரத்துப் பெரியவர்கள் வாயில் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் நிலைத்ததும் அதனால்தான்.

அதே 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு காரியம் நடந்தது. ராபர்ட் கிராஸ் என்ற 33 வயது டாக்டர், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 7 வயதுச் சிறுமி ஒருத்தியின் நெஞ்சைத் திறந்து, இருதயத்தின் பக்கத்தில் மூடாமல் இருந்த ஒரு சிறு குழாயைப் பட்டு நூலால் கட்டினார். அவருடைய சீஃப் அப்போது ஊரில் இல்லை, விடுமுறையில் போயிருந்தார். இருந்திருந்தால் அனுமதி கிடைத்திருக்காது என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் கதை. அந்தச் சிறுமி பிழைத்து, முதுமை வரை வாழ்ந்தார். பிறவி இருதயக் கோளாறுக்குக் கத்தியால் வைத்தியம் உண்டு என்ற வரலாறு அன்றுதான் தொடங்கிற்று. ஆக, நம் கல்லூரிக்கும் பிறவி இருதயக் கோளாறுச் சிகிச்சைக்கும் ஒரே வயது.

யானைக்கவுனியில் பல வருஷம் பிராக்டீஸ் செய்த பொது மருத்துவன் நான். இருதய நிபுணன் அல்ல. ஆனாலும் இந்த வரலாற்றை நம் மலரில் எழுத ஆசைப்பட்டதற்குக் காரணம் உண்டு. பிறவி இருதயக் கோளாறும், இருதயத்திலிருந்து புறப்படும் அயோர்ட்டா என்னும் பெருந்தமனியின் நோய்களும் பெரிய பெரிய மெஷின்களால் கண்டுபிடிக்கப்படுபவை என்றே இன்றைய மாணவத் தம்பி தங்கைகள் நினைக்கிறார்கள். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. யாரோ ஒருவர், மற்றவர்கள் பார்க்காத இடத்தில் கையை வைத்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

எங்கள் காலத்தில் வார்டில் ஒரு பேராசிரியர் இருந்தார். 1970களின் ஆரம்பம் அது. பையன்கள் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அவர் பின்னாலிருந்து வந்து, "கையைப் பிடிச்சா பீஸ்தான்யா கிடைக்கும். காலையும் பிடி, டயக்னோசிஸ் கிடைக்கும்" என்பார். சிரிப்போம். காலைப் பிடிப்பது என்றால் நம் ஊரில் வேறு அர்த்தமாயிற்றே! அவர் சொன்னது தொடையிடுக்கில் ஓடும் ஃபெமரல் நாடியை. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருநூறு வருஷக் கதை இருக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

யானைக்கவுனிப் பாலமும் பெருந்தமனியும்

முதலில் பெருந்தமனியின் வழியைச் சொல்லிவிடுகிறேன். இருதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்பட்டு, மேலே ஏறி, கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. வளைவிலிருந்து தலைக்கும் இரு கைகளுக்கும் கிளைகள் பிரிகின்றன. இறங்குகிற பகுதியிலிருந்து வயிறு, சிறுநீரகம், கால்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்த வளைவு முடியும் இடத்தில் குழாய் இறுகிப் போயிருக்கும். அதற்குக் கோஆர்க்டேஷன் என்று பெயர்.

யானைக்கவுனிக்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வால்டாக்ஸ் ரோட்டையும் சூளை, வேப்பேரிப் பக்கத்தையும் இணைத்து, ரயில் தண்டவாளங்களுக்கு மேலே இருந்த பழைய யானைக்கவுனிப் பாலம் பலமிழந்து மூடப்பட்டு, 2020 வாக்கில் இடிக்கப்பட்டதே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டிகள் முட்டி மோதின. அந்தப் பக்கம் ஈ, காக்கை இல்லை. போகவேண்டியவர்கள் பேசின் பிரிட்ஜ் வழியாகவும் சென்ட்ரல் வழியாகவும் சுற்றிக்கொண்டு போனார்கள். கோஆர்க்டேஷனும் இதே கதைதான். அடைப்புக்கு மேலே கைகளிலும் தலையிலும் ரத்த அழுத்தம் ஏறும். கீழே கால்களில் நாடி சோர்ந்து, தாமதமாக வரும். நடுவில் ரத்தம் விலா எலும்புகளை ஒட்டிய சந்து பொந்துகளில் புகுந்து சுற்றிப் போகும். அந்தச் சின்ன நாளங்கள் வருஷக்கணக்கில் பெருத்து, விலா எலும்பின் அடிப்பக்கத்தையே அரித்துவிடும். எக்ஸ்ரேயில் அந்தப் பள்ளங்கள் தெரியும்.

இந்த இறுக்கத்தை இத்தாலிய உடற்கூறு மேதை மோர்காக்னி 1760ல் பிரேதப் பரிசோதனையில் கண்டு எழுதினார். அதே 1760 அக்டோபர் 25ஆம் தேதி இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் திடீரென்று இறந்தார். அரண்மனை வைத்தியர் நிக்கல்ஸ் உடலைத் திறந்து பார்த்தபோது, இருதயத்தைச் சுற்றிய பையில் ரத்தம் கட்டி நின்றது. பெருந்தமனியின் சுவர் கிழிந்திருந்தது. பெருந்தமனிக் கிழிசலைப் பற்றிய தெளிவான முதல் குறிப்பு அதுதான்.

அந்த ராஜாவுக்கும் நம்ம பேட்டைக்கும் தொடர்பு உண்டு. அவருடைய ஆட்சியில்தான் 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டான். அந்தப் பயத்தில்தான் பிற்பாடு, 1769 முதல், பால் பென்ஃபீல்டு என்ற கான்ட்ராக்டர் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினான். அந்த மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலுக்காகப் போட நினைத்த வரி வசூலாகவே இல்லை. வால்டாக்ஸ் என்ற பேர் மட்டும் ரோட்டுக்கு நின்றது.

மோர்காக்னி எழுதி 184 வருஷம் கழித்துத்தான் அந்த இறுக்கத்தை யாரும் சரிசெய்தார்கள். 1944 அக்டோபரில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, 12 வயதுப் பையன் ஒருவனின் பெருந்தமனியில் இறுகிய பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். அமெரிக்காவில் கிராஸ் மறுவருஷம் அதையே செய்தார். அத்தனை காலமும் இந்த நோய் பிரேத அறையின் சமாச்சாரமாகவே இருந்தது. அதனால் உயிரோடு இருப்பவனின் காலில் நாடி பார்ப்பதால் யாருக்கும் பெரிய பிரயோசனம் இருக்கவில்லை. கிராஃபோர்டுக்குப் பிறகு நிலைமை மாறிற்று. காலில் நாடி இல்லை என்று கண்டுபிடித்தால் காப்பாற்றலாம்.

மூடினவர் ஒருவர், திறந்தவர் மூவர்

1944ல் இன்னொன்றும் நடந்தது. பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், ஹெலன் டாசிக் என்ற அம்மையார் குழந்தைகள் இருதயப் பிரிவைக் கவனித்துவந்தார். உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தைகள் அவரிடம் வரும். ஃபாலட் 1888ல் விவரித்த நான்கு கோளாறுகள் சேர்ந்த இருதயம் இவர்களில் பலருக்கு. நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகியிருப்பதால் ரத்தம் போதிய அளவு சுத்தமாகாது. நாலடி நடந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும்.

டாசிக் அம்மையாருக்குக் காது மந்தம். ஸ்டெதாஸ்கோப் சரியாகக் கேட்காத நிலையில், விரல்களை வைத்தே குழந்தையின் நெஞ்சைப் படித்தார். அப்படிப் பார்த்து வந்தவர் ஒன்றைக் கவனித்தார். சில நீலக் குழந்தைகள் பிறந்தபோது ஓரளவு நன்றாக இருந்து, பிற்பாடு திடீரென்று மோசமாகின்றன. ஏன்? தாய் வயிற்றில் இருக்கும்போது பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே இருக்கும் டக்டஸ் என்ற அந்தச் சிறு குழாய் திறந்திருக்கும் வரை பிள்ளை தப்பிக்கிறது. அது மூடிக்கொண்டதும் நீலம் ஏறுகிறது. கிராஸ் பாஸ்டனில் கட்டி மூடினாரே, அதே குழாய்தான்! ஒரு குழந்தைக்கு எமனாக இருக்கும் வழி இன்னொன்றுக்கு உயிர்வழி.

டாசிக் நேரே கிராஸிடம் போய், மூடத் தெரிந்த உங்களுக்கு ஒரு டக்டஸை உண்டாக்கவும் முடியுமா என்று கேட்டார். அவர் ஆர்வம் காட்டவில்லை. பிறகு ஹாப்கின்ஸுக்கு வந்த ஆல்ஃபிரட் பிளாலக்கிடம் கேட்டார். பிளாலக் அப்போது நாய்களில் கோஆர்க்டேஷனுக்கு மாற்றுவழி தைத்துப் பழகிக்கொண்டிருந்தார். பழகியது அவர் மட்டுமல்ல. அவருடைய ஆய்வுக்கூடத்தில் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர் இருந்தார். தச்சு வேலை தெரிந்தவர். டாக்டருக்குப் படிக்கச் சேர்த்துவைத்த பணம் 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் போய்விட்டது. மருத்துவப் பட்டம் கிடையாது. நாய்களில் அந்த அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்து முறைப்படுத்தியவர் அவர்தான்.

1944 நவம்பர் 29ஆம் தேதி, 15 மாதக் குழந்தை ஒன்றுக்கு, கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியில் தைத்தார் பிளாலக். அவர் தோளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு நின்று, எப்படித் தைப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் தாமஸ். அந்தக் குழந்தை நீண்ட காலம் வாழவில்லை. ஆனால் அடுத்து வந்த குழந்தைகள் மேஜைமேலேயே நீலம் மாறிச் சிவந்தன. 1945ல் வெளியான கட்டுரையில் பிளாலக், டாசிக் இருவர் பெயர் மட்டுமே இருந்தது. தாமஸுக்கு ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976ல். இன்று அந்த அறுவையை மூவர் பெயராலும் சொல்கிறார்கள். நம் கல்லூரி லேபிலும் தியேட்டரிலும் பட்டம் இல்லாமல் நமக்குக் கற்றுக்கொடுத்த அட்டெண்டர் அண்ணன்மார்களை நினைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

இரண்டு கண் டாக்டர்கள்

இருதய வரலாற்றில் இரண்டு கண் டாக்டர்களுக்கு நாற்காலி போடணும்.

முதலாமவர் ஜப்பானின் கனசாவா நகரத்து மிகிதோ தகயாசு. 1908ல் ஒரு கண் மருத்துவ மாநாட்டில், 21 வயதுப் பெண்ணின் விழித்திரையில் நாளங்கள் விசித்திரமாகப் பின்னிக் கிடப்பதைப் பற்றிப் பேசினார். அதே கூட்டத்தில் வேறு இரண்டு டாக்டர்கள் எழுந்து, தாங்களும் அப்படிப்பட்ட கண்களைப் பார்த்திருப்பதாகவும், அந்த நோயாளிகளின் மணிக்கட்டில் நாடியே இல்லை என்றும் சொன்னார்கள். பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்து அடைபடும் நோய் அது. 'நாடியில்லா நோய்' என்றும் பெயர் வந்தது.

ஜப்பானில் இந்த நோய் பெருந்தமனியின் வளைவைப் பிடிக்கும், கையில் நாடி போகும். நம் நாட்டிலோ வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியையும் சிறுநீரகத் தமனிகளையும் பிடிப்பது அதிகம். அதனால் கையில் நாடி ஜோராக இருக்கும், பி.பி. எகிறும், காலில்தான் நாடி குறையும். மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியின் பி.கே. சென், 1968ல் இந்தியாவின் முதல் இருதய மாற்று அறுவையைச் செய்தவர், 1963லேயே தம் குழுவினருடன் நடுப் பெருந்தமனி நோய் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்து டாக்டர்கள் 88 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, இந்த நோயின் போக்கை 1989ல் எழுதினார்கள். இது பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. கல்யாணத்துக்கு முன்போ, முதல் கர்ப்பத்தின்போதோ பி.பி. ஏறிய பெண்ணுக்கு 'கவலை, டென்ஷன்' என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு சுலபம்! காரணத்தைத் தேடி நாலு கால் கையிலும் நாடி பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். அவ்வளவுதான்.

இரண்டாமவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து நார்மன் கிரெக். 1941ல் பிறவிக் கண்புரையுடன் பல குழந்தைகள் ஒரே சமயத்தில் வந்ததைக் கவனித்தார். தாய்மார்கள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கினார். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அவர்களுக்கு ருபெல்லா என்னும் ஜெர்மன் மணல்வாரி வந்திருந்தது. அந்தக் குழந்தைகள் பலருக்கு இருதயக் கோளாறும் இருந்தது. அதிலும் மூடாத டக்டஸ் அதிகம். பிறவிக் கோளாறு என்றால் தலைவிதி என்று கைவிரித்த காலத்தில், தடுக்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு என்று காட்டியவர் இந்தக் கண் டாக்டர். தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. கிரெக் சொல்லி 76 வருஷம்!

வேலூர் வழியாகப் பெரம்பூருக்கு

இந்தக் கலை நம் பக்கம் வந்தது வேலூர் வழியாக. அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் 1949ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சறை அறுவைச் சிகிச்சைக்கென்றே ஒரு துறையைத் தொடங்கினார். அங்கிருந்த என். கோபிநாத், 1960களின் தொடக்கத்தில் இருதயத்தைத் திறந்து செய்யும் அறுவையில் வெற்றி கண்ட நம் நாட்டு முன்னோடிகளில் ஒருவர். பர்மாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எஸ். பத்மாவதி, 1942ல் யுத்தத்துக்குத் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர். பின்னால் ஹெலன் டாசிக்கிடமே பயிற்சி பெற்று, டெல்லியில் இருதய மருத்துவத்தை வேரூன்றச் செய்தார். 2020ல் 103 வயதில் காலமானார்.

வடசென்னைக்கு அந்த வெளிச்சம் ரயில் ஏறி வந்தது என்றே சொல்லலாம். பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி, தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தவர்களுக்காக ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பயிற்சி பெற்ற கே.எம். செரியன், 1975ல் அங்கேதான் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் அறுவையைச் செய்தார். நியூசிலாந்தில் அவர் பழகியது பாரட்-பாய்ஸிடம். பச்சைக் குழந்தைகளின் உடம்பைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, இருதயத்துக்குள் வேலை செய்வதில் உலகப் பெயர் எடுத்தவர் அவர். செரியனும் குழந்தைகள் இருதய அறுவையில் முழு மூச்சாக இறங்கினார். 1987ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இருதய நிலையத்தை உருவாக்கினார். 2025 ஜனவரியில் மறைந்தார்.

1975ல் நான் நான்காம் வருஷ மாணவன். ராயபுரத்துக்கும் பெரம்பூருக்கும் எத்தனை தூரம்? சைக்கிளில் போகிற தூரம். நாட்டிலேயே முதன்முதல் என்கிற காரியம் பணக்காரப் பேட்டையில் நடக்காமல், ஐ.சி.எஃப். சங்கு கேட்கிற இடத்தில் நடந்ததில் வடசென்னை மாணவர்களான எங்களுக்கு ஒரு தனி கர்வம் இருந்தது. பைபாஸிலும் பாருங்கள், காலிலிருந்து எடுத்த சிரையின் ஒரு முனையைப் பெருந்தமனியில்தான் தைப்பார்கள். இங்கேயும் கால்தான் கைகொடுத்தது.

பெருந்தமனியையே மாற்றும் வேலைக்குத் துணி வேண்டும். அமெரிக்க நிபுணர் மைக்கேல் டிபேக்கி 1950களில் ஒரு ஜவுளிக் கடையில் நைலான் கேட்டாராம். ஸ்டாக் இல்லை, டேக்ரான் இருக்கிறது என்றார்களாம். வாங்கி வந்து, மனைவியின் தையல் மெஷினில் தாமே குழாயாகத் தைத்தார். நம்ம சௌகார்பேட்டையில் டெரிலின் என்று கஜம் கஜமாகக் கிழித்துக் கொடுத்தார்களே, அந்த ஜாதிதான். அந்தத் துணிதான் பெருந்தமனி அறுவைக்கு அஸ்திவாரம் ஆயிற்று. விசித்திரம் என்னவென்றால், பெருந்தமனிக் கிழிசலை வகை பிரித்து, அதற்கு அறுவை முறையும் கண்ட அதே டிபேக்கிக்குத் தம் 97ஆவது வயதில் அந்த நோயே வந்தது. 2006ல் அவருடைய முறையிலேயே அறுவை செய்து காப்பாற்றினார்கள்.

அயல்நாட்டு வால்வு வாங்க வசதியில்லாத நாட்டுக்கு எம்.எஸ். வலியத்தானும் ஸ்ரீசித்திரா நிலையத்தாரும் சொந்தமாக ஒரு வால்வு செய்தார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதுவும் இந்த வரலாற்றின் ஒரு அத்தியாயம்.

1966ல் பிலடெல்பியாவின் ராஷ்கிண்ட் நெஞ்சைத் திறக்காமலேயே, நாளத்தின் வழியே ஒரு பலூனைக் குழந்தையின் இருதயத்துக்குள் செலுத்தி உயிர் காத்தார். மறுவருஷம் பெர்லினில் போர்ஸ்ட்மன், மூடாத டக்டஸைத் தொடைத் தமனி வழியாகவே போய் அடைத்தார். கிராஸ் நெஞ்சைத் திறந்து கட்டியதை இன்று பெரும்பாலும் தொடையிடுக்கில் ஒரு சிறு துளை வழியாகவே முடித்துவிடுகிறார்கள். மறுபடியும் கால்!

தலைவலிப் பையன்

இவ்வளவும் பெரியவர்கள் கதை. சின்னதாக ஒன்று சொல்கிறேன். 1980களில் என் கிளினிக்குக்கு ஒரு தாய் தன் 13 வயது மகனைக் கூட்டி வந்தார். புருஷன் மூட்டை தூக்குகிறவர். பையனுக்கு ஓயாத தலைவலி, அவ்வப்போது மூக்கில் ரத்தம். வேறு இடங்களில் மாத்திரை கொடுத்தார்கள், கண்ணாடி போட்டார்கள், சூடு என்று இளநீர் குடிக்கச் சொன்னார்கள். கையில் பி.பி. பார்த்தேன், 170. தொடையிடுக்கில் விரல் வைத்தேன். தேடினாலும் நாடி இல்லை.

அந்த அம்மாவுக்குக் கோபம். "இன்னா டாக்டரே, தலை நோவுதுன்னு இட்டாந்தா காலைப் புடிச்சிப் பாத்துக்கினு கீறே?"

"காலுலதாம்மா இருக்கு சூட்சுமம். நீ ஒக்காரு, சொல்றேன்" என்றேன். பாலத்தை ஒப்பிட்டுச் சொன்னதும் புரிந்துகொண்டார். "அப்ப ஆபரேஷன் பண்ணி ரோட்டை அகலம் பண்ணுவாங்களா?" என்று கேட்டார். என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அறுவை நடந்தது. காலில் நாடி வந்தது. ஆனால் பி.பி. முழுசாக இறங்கவில்லை. அதற்குப் பின்னும் அவன் மாத்திரையோடுதான் வாழவேண்டியிருந்தது. இறுக்கத்தை எவ்வளவு சின்ன வயதில் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது. பல வருஷம் அழுத்தம் தாங்கிய நாளங்கள், அறுவைக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அவன் பிறந்த அன்றோ, முதல் தடுப்பூசிக்கு வந்த அன்றோ, பள்ளிக்கூடப் பரிசோதனையிலோ யாராவது ஒருவர் அந்த இடத்தில் இரண்டு விரல் வைத்திருந்தால் அவன் மாத்திரையில்லாமல் வளர்ந்திருக்கலாம். கிராஃபோர்டின் அறுவை அப்போது நாற்பது வருஷத்துப் பழசு. வடசென்னையில் கத்திக்குப் பஞ்சமில்லை. நேரத்தோடு கை வைக்கத்தான் ஆள் இல்லை.

இனி என்ன?

உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் எட்டு, ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு பிறவி இருதயக் கோளாறு இருக்கிறது. நம் பக்கத்தில் அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டுவது வழக்கம். அப்படிப்பட்ட தம்பதிகளின் குழந்தைகளுக்கு இந்தக் கோளாறு கூடுதலாக வருவதை, மைசூரில் நடந்து 2006ல் வெளியான ஆய்வு காட்டியது. குடும்பத்தாரைப் புண்படுத்தாமல், அடுத்த பிள்ளைக்கு முன்பே ஸ்கேனில் இருதயத்தைப் பார்க்கச் சொல்வது நம் கடமை.

பணம் இல்லை என்று திருப்பி அனுப்பிய காலம் மாறியிருக்கிறது. 2009ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2013ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பள்ளி, அங்கன்வாடிப் பரிசோதனைகளும் ஏழைக் குழந்தைக்கு அறுவை அறையின் கதவைத் திறந்துவிட்டன. ஆனால் அந்தக் கதவுவரை குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? பிரசவ வார்டில் நிற்கிற ஹவுஸ் சர்ஜன். தடுப்பூசி போடுகிற சிஸ்டர். தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்கள்.

1974ல் ஜப்பானின் தகுவோ அயோயாகி வழிகாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர், கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைக்கு அதை வலது கையில் ஒருமுறை, காலில் ஒருமுறை வைக்கவேண்டும். 95க்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ சும்மா விடக்கூடாது. திரும்பப் பார்க்கணும், எக்கோ எடுக்கணும். மெஷின்கூட காலையும் பிடிக்கச் சொல்கிறது பாருங்கள். ஆனாலும் ஒரு எச்சரிக்கை. கோஆர்க்டேஷன் உள்ள குழந்தைகள் சிலர் இந்தப் பரிசோதனையில் தேறிவிடுவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க விரல்தான் வேண்டும்.

நம் ஸ்டான்லி, கை அறுவைச் சிகிச்சைக்கு நாடெங்கும் பேர் போனது. நம்மிடம் படித்தவன் கைக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த உரிமையில், இந்த மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கும், என்னைப் போல் தலை நரைத்த நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை ஓ.பி.யில் முதலில் வருகிற குழந்தை சளிக்கு வந்தாலும் சரி, சிரங்குக்கு வந்தாலும் சரி, அரை நிமிஷம் தொடையிடுக்கில் இரண்டு விரலை வையுங்கள். பி.பி. என்று வருகிற இளம்பெண்ணுக்கு நாலு இடத்திலும் நாடி பாருங்கள். நாடி இருந்தால் சந்தோஷமாக அனுப்பிவையுங்கள். இல்லையென்றால், அன்றே அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்புங்கள். தாய் கோபித்துக்கொண்டால் பாலத்துக் கதையைச் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.